காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை தனியாகச் சைக்கிளில்: வானிலையும் தடங்கல்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீநகரில் தொடங்கி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துக் கன்னியாகுமரி வரை வந்தால் ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். நாக்பூருக்குத் தெற்கே உள்ள பகுதியை லாரிக்காரர்களில் மூத்தவர்கள் இன்றும் ‘என்.எச். ஏழு’ என்றுதான் சொல்வார்கள். எந்தச் சைக்கிள் வாங்குவது, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் இந்தப் பக்கத்தில் இல்லை. துணைக்கு ஆளில்லாமல் போகிறவர் வானத்தையும் வழியில் வரும் வம்புகளையும் எப்படிச் சமாளிப்பது என்பது மட்டுமே இருக்கிறது.

எந்த மாதத்தில் கிளம்பினால் மோசமான வானிலையே இல்லாமல் வந்து சேரலாம்?

அப்படி ஒரு மாதம் கிடையாது. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்து, ஓய்வு நாட்களையும் சேர்த்தால் எட்டு வாரங்கள் ஆகும். இந்தியாவின் நீளத்தில் எட்டு வாரம் போனால் ஏதோ ஒரு பருவத்தில் மாட்டத்தான் வேண்டும். எதில் மாட்டிக்கொள்வது என்பதை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

என் கணக்கு இது. செப்டம்பர் கடைசி வாரத்தில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்புங்கள். தென்மேற்குப் பருவமழை வழக்கமாகச் செப்டம்பர் 17 வாக்கில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து பின்வாங்கத் தொடங்கி, அக்டோபர் நடுவில் நாட்டை விட்டே விலகும். அதன் பின்னாலேயே நீங்கள் தெற்கு நோக்கி வருகிறீர்கள். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வைக்கோல் தாள் எரிக்கும் புகை உச்சத்துக்குப் போவது அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் பாதியிலும். அதற்குள் டெல்லியைத் தாண்டிவிடலாம். இதற்குக் கொடுக்கும் விலை, ஓசூருக்குள் நுழையும்போது நவம்பர் நடு. வடகிழக்குப் பருவமழை நடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

பரவாயில்லை என்பேன். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடையும், பேசத் தெரிந்த மொழியும், அவசரத்துக்கு வரக்கூடிய சொந்தக்காரரும் உள்ள இடத்தில் மழையைச் சந்திப்பது, ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் உள்ள ராம்பன் மலைச்சரிவில் சந்திப்பதைவிட எவ்வளவோ மேல். தவிர, தருமபுரி, சேலம், கரூர், திண்டுக்கல் என்று உள்மாவட்டங்கள் வழியாக வருவதால் கடற்கரை வாங்கும் மழை உங்களுக்குக் கிடையாது.

கன்னியாகுமரியில் தொடங்கி வடக்கே போகக் கூடாதா?

போகலாம், பலர் போகிறார்கள். ஆனால் பிப்ரவரியில் கிளம்பினால் தெலங்கானாவிலும் விதர்பாவிலும் (நாக்பூரைச் சுற்றிய மகாராஷ்டிரப் பகுதி) மார்ச் வெயில், கடைசியில் காஷ்மீரில் வசந்தகால மழையும் மண்சரிவும். கடினமான மலை ஏற்றம் களைத்துப்போன கடைசி வாரத்தில் வருகிறது. தெற்கு நோக்கி வந்தால் அதே மலைகள் புதுத் தெம்போடு இருக்கும் முதல் வாரத்திலேயே முடிந்துவிடும்.

ஜம்மு–ஸ்ரீநகர் சாலை மூடப்பட்டால் என்ன செய்வது?

காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடைப்பட்ட பகுதி மழை பெய்தால் கல்லும் மண்ணுமாக இறங்கும். 2025 ஏப்ரலில் ராம்பனில் வந்த திடீர் வெள்ளமும், அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் பெய்த பெருமழையும் இந்தச் சாலையை நாள்கணக்கில் முடக்கின. சாலை திறந்த முதல் நாளே பாய்ந்து போகாதீர்கள். தேங்கி நின்ற லாரிகள் அத்தனையும் அன்றுதான் நகரும். ஈரம் காயாத சரிவிலிருந்து கல் உருள்வதும் அன்றுதான். ஒரு நாள் தள்ளிக் கிளம்புங்கள்.

இந்த வழியில் நீளமான சுரங்கங்கள் உண்டு. செனானி–நஷ்ரி சுரங்கம் மட்டும் 9 கிலோமீட்டருக்கு மேல். காவலர் சைக்கிளை உள்ளே விட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒரு சிறிய சரக்கு வண்டியில் ஏற்றி மறுபக்கம் இறங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று: நம் ஊரில் வாங்கிய பிரீபெய்டு சிம் ஜம்மு–காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் தேவை. வானிலை எச்சரிக்கை பார்ப்பதும் வீட்டுக்குத் தகவல் சொல்வதும் இதை நம்பித்தான் இருப்பதால், சென்னையிலேயே முடித்துக்கொண்டு புறப்படுங்கள்.

கையிருப்பு நாட்கள் எத்தனை வைத்துக்கொள்ள வேண்டும்?

ஆறு நாள் ஓட்டினால் ஒரு நாள் ஓய்வு. அது போக, எதற்கும் ஒதுக்காத ஒரு முழு வாரம். திரும்பும் டிக்கெட்டை முன்பே பதிவு செய்யாதீர்கள். ‘பதினெட்டாம் தேதி டியூட்டியில் சேர வேண்டும்’ என்ற எண்ணம்தான் பலரைப் புயல் மழையில் சாலைக்கு இழுக்கிறது.

வானிலை அறிவிப்பில் எதைப் பார்ப்பது?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி எச்சரிக்கையைப் பாருங்கள். ‘மௌசம்’ செயலியில் கிடைக்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறங்கள். மஞ்சளில் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டலாம். ஆரஞ்சிலும் சிவப்பிலும் அறையை விட்டு நகராதீர்கள். வார்த்தைகளுக்கும் அளவு உண்டு: 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிகக் கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி தாண்டிவிட்டால் பயணம் முடிந்த மாதிரிதான் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

முடிவைக் காலை ஐந்தரைக்கு, சைக்கிளில் ஏறுவதற்கு முன் எடுங்கள். ஓட்டத் தொடங்கிய பிறகு எடுக்கிற முடிவில் ‘இன்னும் பத்து கிலோமீட்டர்தானே’ என்ற ஆசை கலந்துவிடும்.

சாதாரண மழையில் ஓட்டலாமா?

தாராளமாக. முதல் கால் மணி நேரம் மட்டும் ஒதுங்கி நில்லுங்கள். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழவழப்பாக இருக்கும் நேரம் அது. பிறகு வெள்ளைக் கோடுகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள், ரயில்வே கேட் தண்டவாளம் ஆகிய மூன்றின் மேலும் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தண்டவாளத்தைச் செங்கோணத்தில், நேராகக் கடக்க வேண்டும்.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் இறங்கவே கூடாது. வேகமாக ஓடும் அரை அடித் தண்ணீர் ஆளைச் சாய்க்கப் போதும். உள்ளூர் ஆள் கடக்கிறாரே என்றால், அவருக்குக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பேர்போன இறக்கம். மழையில் அங்கே பயப்பட வேண்டியது உங்கள் பிரேக்குக்கு அல்ல, பின்னால் வரும் லாரியின் பிரேக்குக்கு. ஈரச் சாலையாக இருந்தால் ஓரமாக நின்று, காய்ந்த பிறகு இறங்குங்கள். அவசரமென்றால் உருட்டிக்கொண்டு போங்கள்.

மழைக்கோட்டு வாங்கியும் உள்ளே நனைகிறதே?

நனையத்தான் செய்யும். நம் ஊர்ச் சூட்டில் கோட்டுக்குள் வியர்வையே மழையாகப் பெய்யும். பகலில் நனையாமல் இருப்பது நடக்காத காரியம்; இரவுக்கு ஒரு ஜோடி உடை காய்ந்திருப்பதே முக்கியம். சட்டை, கைலி, உள்ளாடை, துண்டு இவற்றைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் சுருட்டி, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கிக் கட்டிப் பைக்குள் வையுங்கள். தலைவழியாகப் போடும் போன்சோ மட்டும் வேண்டாம். காற்றில் அது பாய்மரமாகிவிடும்.

ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, படுக்கப் போகும் முன் ஒரு முறை மாற்றினால் காலையில் அணியும் அளவுக்கு வந்துவிடும்.

இடி மின்னலின்போது என்ன செய்வது?

மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே ஒரு கட்டடத்துக்குள் போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். ஒற்றை மரம், தகரக் கொட்டகை, மின்கம்பம், திறந்த வயல் எல்லாம் ஆபத்து. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, நீங்கள் இருக்கும் இடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டும்.

எதிர்க்காற்றில் நாள் முழுக்க மிதித்தும் தூரம் நகரவில்லை. என்ன தந்திரம்?

தந்திரம் ஒன்றுமில்லை. கிலோமீட்டரை எண்ணுவதை விட்டுவிட்டு மணி நேரத்தை எண்ணுங்கள். இன்று ஆறு மணி நேரம் மிதிப்பது என்று முடிவு செய்தால், அது 90 ஆனாலும் 50 ஆனாலும் வேலை முடிந்தது. கியரை இரண்டு படி இறக்கி, முழங்கையை மடித்து, உடம்பைத் தாழ்த்துங்கள். சமதளத்தில் காற்று பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்கு மேல்தான் வலுக்கிறது. விடியற்காலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

நவம்பரில் தெற்கே வருகிறவருக்கு வடகிழக்குக் காற்று இடது பின்புறத்திலிருந்து வருவது ஒரு வரம். ஆடியில் வந்தால் கதையே வேறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது கயத்தாறிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் வெறும் பழமொழி அல்ல. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை. மேற்கிலிருந்து அறையும் பக்கக் காற்றில் முன்னேறுவதைவிட நேராக நிற்பது கஷ்டம். கண்டெய்னர் லாரி ஒன்று உங்களைத் தாண்டும்போது ஒரு கணம் காற்று நின்றுவிடும், நீங்கள் வலப்புறம் லாரியை நோக்கிச் சாய்வீர்கள். லாரி போனதும் காற்று மறுபடி அறைந்து இடப்புறம் தள்ளும். இதை எதிர்பார்த்துச் சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு கை அகலம் இடம் விட்டு ஓட்ட வேண்டும். அந்த இடம் இல்லாத இடத்தில் இறங்கி நடங்கள்.

வெயிலுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் உடலில் உப்பு குறைந்து தலைசுற்றும். அதையும் வெயில் என்று நினைத்து இன்னும் தண்ணீர் குடிப்பார்கள். உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ், அல்லது உலக சுகாதார நிறுவனத்தின் வாய்பாடு என்று அச்சிட்ட உப்புக் கரைசல் பாக்கெட் குடியுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் விடியற்காலை நான்கரையிலிருந்து பத்தரை வரைதான் சாலை உங்களுடையது. வியர்த்துச் சோர்ந்து குமட்டினால் நிழலில் படுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் சரியாகும். பேச்சு குழறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று குழம்பினாலோ அது வெப்ப அதிர்ச்சி. உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறி 108-ஐக் கூப்பிட வேண்டும். தனியாகப் போகிறவருக்கு இதில்தான் பெரிய சிக்கல்: குழம்பிய மனிதருக்குத் தான் குழம்பியது தெரியாது. அதனால் குமட்டலிலேயே நிறுத்திவிடுங்கள், அதுவும் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில்.

தாமதமாகக் கிளம்பி டிசம்பரில் பஞ்சாப் வழியாக வந்தால்?

மூடுபனி. பார்வைத் தூரம் 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்குக் கீழே மிக அடர்ந்தது. பின்விளக்கும் ஒளிரும் சட்டையும் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். லாரி ஓட்டுநருக்கு உங்கள் விளக்கு தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது. பத்து மணிக்கு மேல் கிளம்பி நான்கரைக்குள் நிறுத்துங்கள். மற்ற நேரத்துக்குக் குருத்வாராக்கள் இருக்கின்றன. தலையை மூடிக்கொண்டு உள்ளே போனால் யார், எவர் என்று கேட்காமல் சோறு போடுவார்கள். பல இடங்களில் படுக்கவும் இடம் தருவார்கள். சாப்பிட்ட பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நிற்பது மரியாதை.

நெடுஞ்சாலையை விட்டு மண்பாதையில் இறங்கலாமா?

விதர்பாவிலும் அடிலாபாத் பக்கத்திலும் மழை பெய்திருந்தால் வேண்டாம். கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்லவே தேவையில்லை, கரிசல் மண். பத்தடி உருட்டுவதற்குள் டயரில் அப்பிக்கொண்டு மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இறுகிவிடும்; பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும், ஷூவிலும் ஒரு கிலோ மண்ணோடு.

சியோனிக்கும் நாக்பூருக்கும் நடுவே சாலை பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிக் காட்டுக்குள் போகிறது. விலங்குகள் கீழே கடக்கப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். நிழலுக்காக அந்தப் பாலங்களுக்கு அடியில் ஒதுங்காதீர்கள். மாலை மயங்குவதற்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள்.

நல்ல டயர் போட்டும் அடிக்கடி பங்க்சர் ஆகிறது. ஏன்?

ஆணியும் முள்ளும் அல்ல, கம்பி. வெடித்த லாரி டயர்கள் சாலையோரம் சிதறிக் கிடக்கின்றன அல்லவா? அவற்றின் உள்ளே இருக்கும் எஃகு இழைகள் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக, அரை அங்குலத் துண்டுகளாக உதிர்ந்து, நாம் ஓட்டும் அதே ஓரத்தில் சேர்கின்றன. டயருக்குள் குத்தி நின்றால் வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. டியூபை மாற்றிக் காற்றடித்துக் கிளம்புவீர்கள், மூன்று கிலோமீட்டரில் மறுபடி இறங்கும்.

செய்ய வேண்டியது இது. டியூபைக் கழற்றும்போது வால்வு டயரின் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அதே தூரத்தில் டயரைத் தேடுங்கள். விரலை உள்ளே விட்டுத் தடவினால் விரல்தான் கிழியும். ஒரு பஞ்சுத் துணியைச் சுற்றித் தடவினால் இழை துணியைப் பிடித்து இழுக்கும். வெளியிலிருந்து டயரை மடக்கினால் முனை எட்டிப் பார்க்கும். புருவ முடி பிடுங்கும் சாமணம் ஒன்று பையில் இருந்தால் பிடுங்கிவிடலாம். இரண்டு ரூபாய்ப் பிளேடுகூடச் செய்யாத வேலையை அது செய்யும்.

எந்த உதிரிபாகம் ஊரில் கிடைக்காது?

டெரெய்லர் ஹேங்கர் என்ற சிறிய அலுமினியத் துண்டு. பின் கியரைச் சட்டத்தோடு தாங்குவது அதுதான். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான். மாடலுக்கு மாடல் வேறுபடும். ஆகவே ஒன்று கூடுதலாக வாங்கி வைக்காவிட்டால், ஜான்சியில் உட்கார்ந்து கூரியருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அடுத்தது உங்கள் சக்கரத்தின் அளவுக்குச் சரியான ஸ்போக் கம்பிகள். நான்கைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஊர்க் கடைகளில் கிடைப்பது சாதாரணச் சைக்கிளுக்கானது, நீளம் பொருந்தாது. மெல்லிய வால்வு உள்ள டியூப் என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று, பெட்ரோல் பங்கில் காற்றடிக்க.

முட்டி வலிக்கிறது. பயணத்தை நிறுத்த வேண்டுமா?

முட்டிக்கு முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது; பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் மாற்றாதீர்கள். கனமான கியரில் மெதுவாக மிதிப்பதை விட்டு, இலேசான கியரில் வேகமாக மிதியுங்கள். இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகும் வலித்தாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நாய் துரத்தினால்?

இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, சத்தமாக அதட்டியபடி நடங்கள். ஓடினால்தான் விரட்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். நான்கு ஊசியும் நான்கு ஊரில் போட்டுக்கொள்ளலாம். முதல் மருத்துவமனை தரும் அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ‘சின்னக் கீறல்தான், ஊருக்குப் போய்ப் பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

தனியாக விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

முன்பே ஏற்பாடு செய்திருந்தால் தெரியும். வீட்டில் ஒருவரிடம் மட்டும் பொறுப்பைக் கொடுங்கள். இரவு எட்டு மணிக்குள் இருக்கும் ஊரும் அடுத்த நாள் போகும் ஊரும் செய்தியாக வர வேண்டும். வராவிட்டால் மறுநாள் காலை வரை பொறுத்து, பிறகு கடைசியாகச் சொன்ன ஊரின் காவல் நிலையத்தைக் கூப்பிட வேண்டும். எல்லோரிடமும் சொன்னால் எல்லோரும் பதறுவார்கள், ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112. ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டு எண் எழுதிய அட்டையைப் பையில் அல்ல, சட்டைப்பையில் வையுங்கள்.

மூன்று நாள் மழையில் லாட்ஜ் அறையில் அடைந்து கிடந்தால் மனம் உடைந்துபோகிறது.

உடையும். தனிப் பயணத்தில் மழையைவிட இதுதான் பலரை வீட்டுக்கு அனுப்புகிறது. அறையில் படுத்துக்கொண்டு போனில் மழைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், துணி துவையுங்கள், முடி வெட்டிக்கொள்ளுங்கள், ஒரே டீக்கடைக்கு மூன்று வேளையும் போங்கள். இரண்டாம் நாளே கடைக்காரர் பேச ஆரம்பித்துவிடுவார். திரும்பிப் போகலாமா என்ற முடிவை ஈரத்தோடும் பசியோடும் எடுக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, அடுத்த நாள் காலையிலும் அதே எண்ணம் இருந்தால் தயங்காமல் போங்கள்.

நடுவில் பஸ் ஏறினால் அது முழுப் பயணம் ஆகுமா?

கின்னஸ் பதிவுக்கு ஓட்டினால் ஆகாது. மற்றவர்களுக்கு நான் கேட்கும் கேள்வி: யாருக்குக் கணக்குக் காட்டப் போகிறீர்கள்? உயரமான முன்சக்கரம் கொண்ட பழங்காலச் சைக்கிளில் முதன்முதலில் உலகைச் சுற்றியவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய அவரை 1886-இல் ஆப்கானிஸ்தானில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பிப் போய், கப்பலேறிக் கராச்சி வந்து, ரயிலில் லாகூர் சேர்ந்து, அங்கிருந்து கிராண்ட் டிரங்க் சாலையில் கல்கத்தா வரை மிதித்தார். ஜலந்தரிலிருந்து டெல்லி வரை நீங்கள் ஓட்டப்போவது பெரும்பாலும் அதே தடத்தில்தான். உலகைச் சுற்றியவர் என்ற பெயரை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் சைக்கிளை எப்படி ஊருக்குக் கொண்டுவருவது?

பெரிய ரயில் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். வண்டி கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிச் சட்டத்தோடு கட்டி, பின் கியரின் மேல் கெட்டி அட்டையைச் சுற்றி, சாக்கைப் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். நிலைய வாசலிலேயே தைப்பவர்கள் இருப்பார்கள். பெயரும் போன் எண்ணும் இரண்டு இடத்தில் எழுதுங்கள். உங்கள் ரயிலிலேயே அனுப்புவதாக இருந்தால், பெட்டிக்குள் ஏறி உட்காரும் முன் பார்சல் பெட்டிப் பக்கம் நடந்துபோய், சைக்கிள் ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். நிறுத்திய இடத்தின் கிலோமீட்டர் கல்லைப் படம் பிடித்து வைத்திருந்தால், அடுத்த அக்டோபரில் அதிலிருந்தே தொடரலாம்.